தன் கை நரம்பை அறுக்கக் கொடுத்த வைத்தியர்

சலரோக கிளினிக்கில் டொக்டர் என் கண்களை மூடச் சொல்லி, பஞ்சாலும் ஊசியாலும் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் ஹென்றி ஹெட் ஞாபகத்துக்கு வருவார்.

1861இல் லண்டனில் பிறந்த நரம்பியல் வைத்தியர் அவர். நரம்பு அறுபட்ட நோயாளிகளால் தமது உணர்வைத் தெளிவாக விவரிக்க முடியவில்லை. எனவே 1903 ஏப்ரலில், 41 வயதில், தன் இடது கையின் தோலுணர்வு நரம்புகளை சத்திரசிகிச்சை நிபுணர் ஜேம்ஸ் ஷெரனைக் கொண்டு அறுத்துத் தைக்கச் செய்தார்.

அதன்பின் நான்கு வருடங்களுக்கு மேலாக, கேம்பிரிட்ஜில் நண்பர் ரிவர்ஸ் முன்னால் கண்மூடி அமர்ந்தார். ரிவர்ஸ் பஞ்சு, ஊசி, சூடு, குளிர் என ஒவ்வொன்றாகச் சோதித்தார். வலி முதலில் திரும்பியது. மெல்லிய தொடுகை வெகுநாள் பிந்தியே வந்தது. 1908இல் முடிவுகள் வெளியாகின.

உணர்வு நரம்புகள் இரு வகை என்ற அவரது கொள்கையைப் பின்வந்தோர் ஏற்கவில்லை. ஆனாலும் அவர் காட்டிய பொறுமை மதிப்புக்குரியது. பிற்காலத்தில் பார்கின்சன் நோயால் முடங்கி, 1940இல் காலமானார்.

எம்மில் பலர், கால் வலிக்கவில்லை என்றால் சுகம் என்றே நினைக்கிறோம். மரத்துப்போன காலில் ஆணி ஏறினாலும் தெரியாது. வலியை உணர்வதும் அல்லாஹ் தந்த நிஃமத்தான். பாதச் சோதனையைத் தவறவிடாதீர்கள்.