பருத்திப் பூவை ஆராய்ந்த பேராசிரியர்

பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் பருத்திப் பூவைப் பார்க்காத பிள்ளைகள் இருக்க மாட்டார்கள்.

அந்தப் பூவுக்கு மஞ்சள் நிறம் எப்படி வருகிறது? இதை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார், ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் மகன்.

அவர்தான் டி.ஆர்.சேஷாத்திரி.

1900-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதி குளித்தலையில் பிறந்தார். பெரம்பலூர், அரியலூர், குளித்தலை எல்லாம் அப்போது ஒரே திருச்சி மாவட்டம்.

வீட்டில் 5 ஆண் பிள்ளைகள். ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் பள்ளிப் படிப்பு முடிந்தது. மேலே படிக்கப் பணம் வேண்டுமே? ராமகிருஷ்ண மிஷன் கை கொடுத்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் ரசாயனம் படித்து, "ஆனர்ஸ்" பட்டம் பெற்றார். பிறகு ஓர் ஆண்டு அந்த மிஷனிலேயே பணி செய்தார்.

சீமைப் படிப்பு

பட்டம் வாங்கியதோடு அவர் நிற்கவில்லை. சென்னையில் ஆராய்ச்சி செய்தார். அரசாங்க உதவிச் சம்பளம் கிடைத்தது. 1927-ல் கப்பல் ஏறினார். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ராபின்சனிடம் படித்து, டாக்டர் பட்டம் பெற்றார்.

தாய்நாடு திரும்பிய பின்னர் வால்டேரில் உள்ள ஆந்திர பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் ஆனார். பருத்திப் பூவை ஆராய்ந்தது அங்கேதான். பூவில் உள்ள நிறப்பொருளைத் தனியே பிரித்தெடுத்து, அது எப்படி அமைந்திருக்கிறது என்று கண்டறிந்தார்.

1949-ல் டெல்லி பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1960-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1963-ல் "பத்மபூஷண்" விருது கிடைத்தது. 1975-ல் காலமானார்.

அவரிடம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றவர்கள் 150-க்கும் மேல்! தனக்குக் கிடைத்த உதவியை அவர் இப்படித் திருப்பிக் கொடுத்தார்.

இன்று என்ன படிக்கலாம்?

பிளஸ்-2 வகுப்பில் ரசாயனம் படித்தவர்கள் பி.எஸ்சி.யில் சேரலாம். 3 ஆண்டுப் படிப்பு.

அதன்பின் பி.எட். முடித்தால் பள்ளி ஆசிரியர் வேலைக்கு முயற்சி செய்யலாம். அரியலூரில் சிமெண்டு ஆலைகள் உண்டு. சுண்ணாம்புக் கல்லையும் சிமெண்டையும் சோதித்துப் பார்க்க, அங்கே ரசாயனம் தெரிந்தவர்கள் தேவை.

மேலே படிக்க ஆசையா? எம்.எஸ்சி. 2 ஆண்டு. பிறகு தகுதித் தேர்வு எழுதியோ, ஆராய்ச்சி செய்து பி.எச்டி. பட்டம் பெற்றோ கல்லூரி ஆசிரியர் வேலைக்குப் போகலாம்.

பணம் இல்லையே என்று படிப்பை நிறுத்திவிட வேண்டாம். உதவித்தொகை உண்டா என்று முதலில் கல்லூரியில் கேளுங்கள். குளித்தலை வாத்தியார் மகனைக் கரையேற்றியதும் அந்த உதவிதான்.