தாய்ப்பாசமும் அய்யா காட்டிய வழியும்

அய்யா உண்டு.

பற்றை விடுவது என்றால் பெற்றவரையும் பிள்ளைகளையும் உதறிவிட்டுப் போவது என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படி அல்ல என்பதை அய்யா வைகுண்டரின் சரித்திரம் நமக்குக் காட்டுகிறது.

1809-ம் ஆண்டு, இன்று சாமிதோப்பு என்று நாம் வணங்கும் ஊரில், பொன்னுமாடனுக்கும் வெயிலாளுக்கும் ஒரு மகன் பிறந்தார். முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டார்கள். ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்த பிள்ளைக்கு இப்படி ஒரு பெயரா என்று மேல்சாதியார் எதிர்க்கவே, முத்துக்குட்டி என்று மாற்றினார்கள்.

வாலிப வயதில் அவரைக் கடும் நோய் பற்றியது. வெயிலாள் அம்மை இரவு பகலாகப் பணிவிடை செய்தார். மகனைத் திருச்செந்தூருக்குக் கொண்டுவரும்படி அம்மையின் கனவில் நாராயணர் அருளினார். உறவினர்கள் தொட்டில் கட்டி, அதில் அவரைச் சுமந்து சென்றார்கள். அது கொல்லம் 1008, மாசி மாதம். அங்கே அவர் கடலுக்குள் இறங்கி மறைந்தார். தேடிப் பார்த்த உறவினர்கள், இனி இல்லை என்று ஊர் திரும்பினார்கள். தாய் மட்டும் கரையை விட்டு நகரவில்லை.

மூன்றாம் நாள், மாசி 20-ல், அய்யா கடலிலிருந்து வைகுண்டராக எழுந்து வந்தார். மகன் பிழைத்தான் என்று தாய் ஓடிப்போய் அணைக்கப் போனார். 1008-ம் ஆண்டு வரை உனக்கு மகனாக இருந்தேன், இனி நாராயணருக்கு மகன் என்று அய்யா உணர்த்தினார். காத்திருந்த தாய்க்கு அது எவ்வளவு பாரம்! உயிரோடு கிடைத்த மகனை, என் மகன் என்று உரிமை கொண்டாட முடியவில்லை.

ஆனால் அய்யா தாயை வெறுத்து விலகவில்லை. ஒரு வீட்டுக்கு மட்டும் பிள்ளையாக இருந்தவர், உலகத்து மக்களுக்கெல்லாம் தகப்பனாக வந்தார். பிறகு ஆறு ஆண்டுகள் தவம் இருந்தார். முதல் இரண்டு ஆண்டு ஆறடிக் குழியிலும், அடுத்த இரண்டு ஆண்டு தரையிலும், கடைசி இரண்டு ஆண்டு உயர்ந்த ஆசனத்திலும் அந்தத் தவம் நடந்தது. திருவிதாங்கூர் மன்னர் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார். சொந்தச் சாதியாரோடு மட்டும் பழகுவதாக எழுதிக் கொடுத்தால் விடுதலை என்றபோது அய்யா மறுத்தார் என்று பெரியோர் சொல்வார்கள். தாய் என்ற பற்றைக் கடந்தவரைச் சாதி என்ற பற்று கட்டுமா? 1839-ல் விடுதலையானார். முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாக நீர் இறைத்தார்கள். துவையல் தவசுக்கு 700 குடும்பங்கள் வந்தன. 1851-ல் அய்யா வைகுண்டம் ஏகினார்.

கிண்டி தொழிற்பேட்டையில் வேலை செய்யும் நம்மில் பலர், குமரி, நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் தாயை விட்டுவிட்டு வந்தவர்கள். நாம் பெற்ற பிள்ளைகளோ பக்கத்து மீனம்பாக்கத்தில் விமானம் ஏறி வெளிநாடு போகிறார்கள். போன் வரவில்லை என்றால் சோறு இறங்குவதில்லை. நான் வளர்த்தேனே, மறந்துவிட்டானே என்று மனம் கசக்கிறது.

அன்பைக் குறைக்க வேண்டாம். எனக்கே சொந்தம் என்ற பிடியைத் தளர்த்துவோம். தாய்க்கு மாதாமாதம் பணம் அனுப்புவோம், போய்ப் பார்ப்போம். பிள்ளையை அய்யாவின் பிள்ளையாக ஒப்படைப்போம். பசித்து வரும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் அன்னம் இடுவோம். வெயிலாள் அம்மை அன்று ஒரு மகனை விட்டுக்கொடுத்தார். இன்று எத்தனை லட்சம் மக்கள் அந்த மகனை அய்யா என்று அழைக்கிறார்கள்!

அய்யா உண்டு.