நஞ்சுக்குப் பெயரிட்ட நங்கை

நம் சபரகமுவத் தோட்டங்களிலே பயிருக்கு நஞ்சு தெளிப்பதை ‘மருந்தடித்தல்’ என்பர். பிணி தீர்ப்பதற்குரிய சொல்லை உயிர் கொல்வதற்கு வழங்குகின்றோமே என்று, தமிழ் கற்பிக்கும் எனக்கு நெடுநாளாக ஒரு நெருடல் உண்டு. இத்தகைய பெயர்ப் பிழையை உலகறிய எடுத்துக்காட்டியவர் ஒரு பெண்மணி. அவரே ஐக்கிய அமெரிக்காவிற் பிறந்த றேச்சல் கார்சன் அம்மையார்.

1907ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்து ஸ்பிறிங்டேல் என்னும் சிற்றூரில் அவர் தோன்றினார். புள்ளையும் பூவையும் உற்றுநோக்கும் பழக்கத்தை அன்னையாரே அவருக்கு ஊட்டினார். எழுத்தாளராகும் ஆசையோடு கல்லூரி புகுந்தவர் உயிரியலில் ஈடுபட்டு, 1932இல் விலங்கியலில் முதுமாணிப் பட்டம் பெற்றார். 1935இல் தந்தையார் மறைந்தார். ஈராண்டு கழிந்து தமக்கையாரும் இரு சிறுமியரை விட்டு இறந்தார். குடும்பப் பாரம் முழுவதும் அம்மையார்மீது விழுந்தது. அரசாங்க மீன்வளப் பகுதியிற் பணியாற்றிக்கொண்டே எழுதினார். 1951இல் வெளிவந்த கடல் பற்றிய நூல் பெரும்புகழ் ஈட்டித் தரவே, மறு ஆண்டு உத்தியோகத்தைத் துறந்தார்.

1958இல் மாசச்சூசெற்ஸ் மாநிலத்துத் தோழி ஒருவரின் கடிதம் அவரை உலுக்கியது. நுளம்பை ஒழிக்க வானூர்தியிலிருந்து டி.டி.ரி. தூவிய பின்னர், அத்தோழியின் வளவில் வாழ்ந்த பறவைகள் மடிந்து கிடந்தனவாம். அம்மையார் சான்றுகளைத் திரட்டலானார்.

கலிபோர்னியாவிலுள்ள கிளியர் ஏரியில் ஒருவகைச் சிற்றீயை அழிக்க, டி.டி.ரி.யின் இனமான டி.டி.டி. கலக்கப்பட்டது. 1949இல் ஏழு கோடிப் பங்கு நீருக்கு ஒரு பங்கு என்பதே அளவு; 1954இல் ஐந்து கோடிக்கு ஒன்று. இத்துணைச் சிறிது என் செய்யும் என்றே எவரும் எண்ணுவர். ஆயினும் அந்நஞ்சு நீரிற் கரைந்தொழியாது கொழுப்பிலே தங்குவது. நீரின் நுண்ணுயிர்கள் அதனை ஈட்டின. அவற்றைத் தின்ற சிறுமீன்களில் அது பெருகியது. சிறுமீனைத் தின்ற பெருமீன்களிற் பின்னும் பெருகியது. ஈற்றில் மீனுண்ணும் முக்குளிப்பான் பறவைகள் செத்து மிதந்தன. அவற்றின் கொழுப்பில் பத்து இலட்சத்துக்கு 1,600 பங்கு நஞ்சு இருந்தது. மிச்சிகனிலோ, எல்ம் மரத்துக்குத் தெளித்த டி.டி.ரி. உதிர்ந்த இலைவழியே மண்புழுவை அடைந்து, புழுவைத் தின்ற றொபின் பறவைகளைக் கொன்றது.

இவற்றையெல்லாம் தொகுத்து 1962இல் அவர் வெளியிட்ட நூலே ‘மௌன வசந்தம்’. இவை பூச்சிகொல்லிகள் அல்ல, உயிர்கொல்லிகள் என்றே பெயர்பெறத் தக்கவை என்று அதில் வாதித்தார். இரசாயனக் கம்பனிகள் சீறின. கலாநிதிப் பட்டம் பெறாத பெண்ணுக்கு விஞ்ஞானம் ஏது என்று சிலர் எள்ளினர். அக்காலத்தே புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. அதை உலகிற்கு மறைத்து அவர் உழைத்தார். 1963இல் அமெரிக்க அதிபர் கெனடி அமைத்த அறிஞர் குழு அவர் கருத்தை ஆதரித்தது. 1964 ஏப்பிரல் 14ஆம் நாள், 56ஆம் வயதில் அம்மையார் மறைந்தார்.

நஞ்சு ஏறிய பறவைகளின் முட்டையோடு மெலிந்து, அடைகாக்கும்போதே நொறுங்குவதை 1967இல் இங்கிலாந்து அறிஞர் றற்கிளிவ் எடுத்துக்காட்டினார். 1972இல் அமெரிக்கா டி.டி.ரி.யைத் தடுத்தது. அலாஸ்கா நீங்கலான அந்நாட்டில் 1963இல் 417 இணைகளாகக் குன்றிய வெண்டலைக் கழுகு, மீளப் பெருகி, 2007இல் அருகிய இனங்களின் பட்டியலினின்று நீங்கியது.

ஈண்டு நம்மவர் ஒரு வினா எழுப்பலாம். 1934, 35ஆம் ஆண்டுகளில் நம் கேகாலைப் பகுதியைச் சூறையாடிய மலேரியா, இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது. அந்நோயை அடக்கியது டி.டி.ரி. அன்றோ? 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளரே காணப்பட்டனர். பின்னர் 1960களின் இறுதியில் நோய் இலட்சக்கணக்கானோரைப் பற்றியபோது, அப்பழியைச் சிலர் அம்மையார்மேற் சுமத்தினர். அது நீதியன்று. நோய் அருகிவிட்டது என்று கருதியே இங்கே தெளிப்பு நிறுத்தப்பட்டது. மீண்டும் தெளித்தபோது நுளம்புகள் அதனைத் தாங்கப் பழகிவிட்டமையால், 1970களில் வேறு நஞ்சை நாட வேண்டியதாயிற்று. பூச்சியினம் இவ்வாறு பழகிக்கொள்ளும் என்பதும் அவர் நூலிலே விடுத்த எச்சரிக்கையே. நஞ்சை முற்றாகக் கைவிடுமாறு அவர் கேட்டாரல்லர். அறியாது வாரி இறைப்பதையே கண்டித்தார். இடையறாத கண்காணிப்பாலும் சிகிச்சையாலும் இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடென உலகச் சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது.

முதுகிலே தெளிகருவி சுமந்து மலைச்சரிவில் ஏறுபவர் நம் மாணவரின் தந்தையர். தாம் சுமப்பது நஞ்சென்று அறிந்தவரே கையுறை கேட்பர். கருவியை ஓடையிற் கழுவத் தயங்குவர். ஆதலின், மருந்தை மருந்தென்றும் நஞ்சை நஞ்சென்றும் வழங்கப் பிள்ளைகளைப் பழக்குவது தமிழாசிரியர்களாகிய எங்கள் கடன் என்று கொள்கின்றேன்.