விரல்களை வாட்டும் குளிரை ஆராய்ந்த மொரிஸ் ரேனோ

ஒக்லாந்து நகரில் பனி கொட்டுவதில்லை. ஆயினும் யூன் முதல் ஓகஸ்ட் வரை நீடிக்கும் ஈரக்குளிர், வெப்ப நாடுகளிலிருந்து வந்த நம்மவர் சிலரின் விரல்களை விறைக்கச் செய்கிறது. தண்ணீர் பட்டதும் விரல்கள் வெளிறி, நீலம் பாய்ந்து, சூடேறும்போது சிவந்து கடுக்கின்றன. ரேனோ நோய் எனப்படும் இக்குறைபாட்டுக்குத் தம் பெயரை விட்டுச் சென்றவரின் வாழ்வை இங்கு நினைவுகூருகின்றோம்.

மொரிஸ் ரேனோ 1834ஆம் ஆண்டு ஓகஸ்ட் 10ஆம் திகதி பாரிஸ் நகரிற் பிறந்தார். 1862இல், இருபத்தெட்டு வயது நிரம்புமுன்னரே, மருத்துவப் பட்டத்துக்கான தமது ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அதே ஆண்டில் மோலியேர் காலத்து வைத்தியர்களைப் பற்றி நூலொன்றும் எழுதினார். மருத்துவமும் இலக்கியமும் அவரிடத்தில் ஒருங்கே குடிகொண்டிருந்தன.

அக்காலத்தில் விரல் அழுகல் கண்டால், நாடி அடைபட்டதென்றே வைத்தியர் கருதினர். ரேனோவோ 25 நோயாளரின் வரலாறுகளை ஒப்புநோக்கினார். நாடித்துடிப்பு இருந்தும் விரல்கள் வெளிறுவதையும், இரு கைகளும் ஒருசேரப் பாதிக்கப்படுவதையும் கண்டார். குளிரினாலோ மனக்கலக்கத்தினாலோ நரம்புகள் தூண்டப்பட்டு, நுண்ணிய குருதிக்குழாய்கள் இறுகுகின்றன என்பது அவர் முடிவு. குறை குழாய்களிலேயே இருக்கலாமென 1929இல் பிரித்தானிய வைத்தியர் தோமஸ் லூயிஸ் காட்டினார். விளக்கம் திருத்தப்பட்டபோதும், ரேனோ கண்ட காட்சி பொய்க்கவில்லை.

1879இல் பிரெஞ்சு மருத்துவக் கழகத்தில் இடம்பெற்ற அவருக்கு, அவர் விரும்பிய மருத்துவ வரலாற்றுப் பேராசிரியர் பதவி கிட்டவேயில்லை. 1881 யூன் 29ஆம் திகதி, 46ஆவது வயதில், இதயநோயால் மறைந்தார். அவ்வாண்டு இலண்டன் மாநாட்டுக்கென அவர் எழுதிய உரையை வேறொருவரே வாசிக்க நேர்ந்தது.

இன்று இந்நோய்க்கு, இரத்த அழுத்தத்துக்கும் வழங்கப்படும் நிபெடிப்பின் என்ற மருந்து உதவுகிறது. எனினும் கையுறையும், உடல் முழுவதையும் காக்கும் கம்பளியாடையும், புகைத்தலை விடுதலுமே முதல் மருந்துகள். நமது கரிய மேனியில் வெளிறல் தெளிவாகத் தோன்றாதிருக்கலாம். ஆதலால் விறைப்பையும் வலியையும் சொற்களால் வைத்தியரிடம் விளக்குதல் வேண்டும். விரல் நுனியில் புண் தோன்றினால் ஒருநாளும் தாமதித்தலாகாது. மொழி தெரியாத கூச்சத்தால் நோயை மறைப்போர் நம்மிடையே உளர். நோயாளர் கூறியதைப் பொறுமையாகக் கேட்டறிந்தமையாலன்றோ ரேனோ இந்நோயை இனங்கண்டார்!