பதவி இல்லாத காலத்தில் ஒரு மனநல மருத்துவர்

மனநல மருத்துவம் படித்தால் நிரந்தர வேலை கிடைக்குமா? பெக்கோக்கில் எஸ்.பி.எம். முடித்த மாணவர்களும் பெற்றோரும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2016 டிசம்பரிலிருந்து நம் நாட்டில் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில்தான் அரசுப் பணியில் சேர்கிறார்கள். மருத்துவப் பட்டத்துக்கு 5 ஆண்டு, பயிற்சி மருத்துவராக 2 ஆண்டு, மனநலத்தில் முதுகலைக்கு 4 ஆண்டு. இவ்வளவும் முடித்து வருவதற்குள் ஆலோசகர்களும் கைப்பேசிச் செயலிகளும் அந்த வேலையை எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று பயப்படுகிறார்கள்.

அந்தப் பயத்துக்குப் பதிலாக நான் ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்வதுண்டு. அவர் கல்கத்தாவில் வாழ்ந்த டாக்டர் கிரீந்திரசேகர் போஸ்.

1887இல் பிறந்த போஸ், 1910இல் கல்கத்தாவில் மருத்துவப் பட்டம் பெற்றார். சிறு வயதிலேயே அவருக்கு மாயவித்தையிலும் மனவசியத்திலும் ஆர்வம். மருத்துவரான பிறகு அந்த ஆர்வம் மனம் நொந்து வரும் நோயாளிகள் பக்கம் திரும்பியது. ஆனால் அன்றைய இந்தியாவில் மனநோய் மருத்துவமனை என்றால் பெரும்பாலும் ஊருக்கு வெளியே உயர்ந்த மதில் சுவர்தான். பொது மருத்துவமனைகளில் மனநோய்க்கென்று ஒரு பிரிவும் கிடையாது. அதாவது, அவர் செய்ய விரும்பிய வேலைக்கு இருக்க வேண்டிய நாற்காலியே இல்லை.

அதற்காக அவர் கையில் இருந்த தொழிலை விட்டுவிடவில்லை. பொது மருத்துவராக நன்றாகச் சம்பாதித்துக்கொண்டே, கல்கத்தா பல்கலைக்கழகத்தில் புதிதாகத் தொடங்கிய உளவியல் துறையில் மாணவராகச் சேர்ந்தார். 1917இல் முதுகலைப் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 30. பிறகு அங்கேயே ஆசிரியராகி, துறைத் தலைவராகவும் உயர்ந்தார். 1921இல் மன ஒடுக்கம் பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம் பெற்றார்.

அந்த நூலை வியன்னாவில் இருந்த சிக்மண்ட் ஃபிராய்டுக்கு அனுப்பினார். அங்கிருந்து பதில் வந்தது. இருவருக்கும் இடையே பல ஆண்டுகள் கடிதப் போக்குவரத்து நடந்தது. நேரில் சந்திக்கவே இல்லை. ஃபிராய்டு உலகப் புகழ் பெற்றவர் என்பதற்காக போஸ் அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டவில்லை. ஒவ்வொரு ஆசைக்குள்ளும் அதற்கு எதிரான ஆசை ஒன்று இருக்கிறது என்ற தம் கருத்தைக் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. 1931இல் ஃபிராய்டின் 75ஆவது பிறந்த நாளுக்குக் கல்கத்தாவிலிருந்து தந்தத்தால் ஆன விஷ்ணு சிலை ஒன்று பரிசாகப் போயிற்று.

நம் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இனிதான் வருகிறது. 1922இல் போஸ் தம் வீட்டிலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். தொடக்க உறுப்பினர்களில் பெரும்பாலோர் மருத்துவர்கள் அல்லர். உளவியலும் தத்துவமும் கற்பித்த கல்லூரி ஆசிரியர்கள். மருத்துவர் அல்லாதவர்கள் இந்த வேலைக்கு வந்தால் நம் பிழைப்பு என்னாகும் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. மனம் நொந்தவர்கள் எத்தனையோ பேர், கவனிக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. அதனால் கற்க வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்.

வேலையைப் பகிர்ந்ததால் அது குறைந்துபோகவில்லை. 1933இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநோய்க்கான வெளிநோயாளர் பிரிவை அவர் தொடங்கினார். பொது மருத்துவமனை ஒன்றில் இத்தகைய பிரிவு இந்தியாவில் அதுவே முதல். காய்ச்சலுக்கு வருகிறவர் நுழையும் அதே வாசல் வழியாக மனநோயாளியும் வந்து மருத்துவரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம் என்ற நிலை அங்கே பிறந்தது. 1940இல், எழுத்தாளரான அண்ணன் ராஜசேகர் போஸின் உதவியோடு லும்பினி பார்க் மனநல மருத்துவமனையும் உருவானது.

போஸ் 1953இல் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டுதான் குளோர்ப்ரோமசின் என்ற மருந்து பிரான்சில் மனநோய்க்குப் பயன்பாட்டுக்கு வந்து, சிகிச்சை முறையையே புரட்டிப்போட்டது. போஸ் நம்பிய உளப்பகுப்பாய்வு மெல்லப் பின்னுக்குப் போனது. ஆனால் மனநல மருத்துவர் என்ற தொழில் அதோடு போய்விடவில்லை. மாத்திரையை யாருக்கு, எவ்வளவு, எத்தனை காலம் கொடுப்பது என்று முடிவு செய்ய அவரே தேவைப்பட்டார். கருவி மாறியது, நோயாளி மாறவில்லை.

நம் ஜோகூரில் தம்போய் மனநோய் மருத்துவமனை 1937இல் திறக்கப்பட்டது. இன்று பெர்மாய் மருத்துவமனை என்று நாம் அழைப்பது அதைத்தான். ஒரு காலத்தில் அதன் பெயரைச் சொல்லவே வீட்டில் கூச்சப்படுவார்கள். இப்போது பொது மருத்துவமனைகளிலும் சுகாதார மையங்களிலும் மனநலச் சேவை கிடைக்கிறது. ஆலோசகர், உளவியலாளர், தாதியர் எல்லாரும் சேர்ந்து செய்யும் வேலையாக அது மாறிவிட்டது.

எனவே மாணவர்களே, ஒரு குறிப்பிட்ட அரசுப் பதவி உங்களுக்காகக் காத்திருக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். முதலில் நல்ல மருத்துவராகுங்கள். போஸைப் போல வருமானத்துக்கு ஒரு காலை ஊன்றிக்கொண்டு மறு காலை எடுத்து வையுங்கள். மலாய், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் ஒருவரின் வேதனையைக் கேட்டுப் புரிந்துகொள்ளப் பழகுங்கள். தம் துன்பத்தைத் தாய்மொழியில் மட்டுமே சொல்லத் தெரிந்த தோட்டத்துப் பாட்டிக்கு, அந்த மொழி தெரிந்த மருத்துவர் எப்போதும் வேண்டும். ஒப்பந்தம் காலாவதியாகலாம். அந்தத் தேவைக்குக் காலாவதி கிடையாது.