முருகைக்கல்லைக் காணுமுன்பே அதன் கதையைச் சொன்னவர்

சார்ள்ஸ் டார்வின் என்றதும் பரிணாமக் கொள்கையே நினைவுக்கு வரும். ஆனால் அவரது முதல் பெரிய கோட்பாடு முருகைக்கற்பாறைகளைப் பற்றியது.

1809 பெப்ரவரி 12 இல் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியில் பிறந்த அவர், மருத்துவப் படிப்பை இடைநடுவில் விட்டவர். மகனைப் பாதிரியாராக்க எண்ணிய தந்தை, கடற்பயணத்துக்கும் முதலில் சம்மதிக்கவில்லை. தாய்மாமன் பரிந்து பேசியதாலேயே, 1831 டிசம்பரில் பீகிள் கப்பலில் அவர் புறப்பட முடிந்தது. ஐந்து ஆண்டுப் பயணம் முழுவதும் கடல்நோய் அவரை வாட்டியது.

1835 பெப்ரவரியில் சிலியைப் பூகம்பம் உலுக்கியது. கரையோர நிலம் உயர்ந்திருந்ததை டார்வின் நேரில் கண்டார். நிலம் ஓரிடத்தில் உயருமானால் வேறோரிடத்தில் தாழவும் வேண்டுமல்லவா?

பாறை கட்டும் முருகைகள் ஆழமற்ற நீரிலேயே வாழும். அப்படியிருக்க, ஆழ்கடல் நடுவே வளையத் தீவுகள் எப்படி வந்தன? மூழ்கிய எரிமலை வாய்களின் விளிம்பில் அவை வளர்ந்தன என்றார், டார்வின் பெரிதும் மதித்த புவிச்சரிதவியலாளர் சார்ள்ஸ் லயல். டார்வின் வேறுவிதமாக எண்ணினார். எரிமலைத் தீவின் கரையைச் சுற்றி முருகைகள் வளர்கின்றன. தீவு மெல்ல மெல்ல அமிழ்கிறது. இறந்தவற்றின் கூட்டின் மீது புதியவை மேல்நோக்கி வளர்கின்றன. கரையை ஒட்டியிருந்த பாறை விலகி நின்று தடுப்புப் பாறையாகிறது. தீவு முற்றாக மறைய, வளையம் மட்டும் எஞ்சுகிறது. ஒரு முருகைக்கற்பாறையைக்கூட அப்போது அவர் பார்த்திருக்கவில்லை!

1836 ஏப்ரலில் கீலிங் தீவுகளில் சோதித்தார்கள். (1942 இல் இலங்கைச் சிப்பாய்கள் கலகம் செய்த கொக்கோஸ் தீவுகள்தான் இவை.) கொழுப்புப் பூசிய ஈயக்குண்டைக் கடலில் இறக்கினார்கள். ஆழம் குறைந்த இடங்களில் கொழுப்பில் உயிருள்ள முருகைகளின் தடம் பதிந்தது; ஆழம் கூடக்கூட மணலே ஒட்டிவந்தது. கரையிலிருந்து சுமார் 2 கிலோமீற்றரில் 7,200 அடிக் கயிறும் தரை தொடவில்லை.

நாடு திரும்பியவரின் விளக்கத்தைக் கேட்ட லயல், தன் கருத்தை மகிழ்வோடு கைவிட்டார். அறிஞரிடையே இது அபூர்வம். 1842 இல் நூல் வெளியானது.

ஆனால் 1880 இல் ஜோன் மரே, தீவுகள் அமிழத் தேவையே இல்லை என வாதிட்டார். துளையிட்டுப் பார்த்தாலன்றித் தீராத வழக்கு. கோடீசுவரர் எவராவது பசுபிக் தீவொன்றில் துளையிட மாட்டாரா என 1881 இல் கடிதமொன்றில் ஏங்கிய டார்வின், 1882 ஏப்ரல் 19 இல் காலமானார்.

1896 முதல் 1898 வரை புனாபுட்டித் தீவில் 1,114 அடி துளைத்தும் அடிப்பாறை தட்டுப்படவில்லை. 1952 இல், அமெரிக்காவின் அணுவாயுதச் சோதனைக் களமான எனிவெட்டொக்கில், 4,000 அடிக்கும் கீழே துளைகருவி எரிமலைப் பாறையைத் தொட்டது.