ஆங்கிலக் கால்வாயை வென்ற ஆரத்தி

சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளைகள் நீச்சல் பழகும் இடம் கிணறுதான்.

முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை. இடுப்பில் கயிறு. கயிற்றின் மறுமுனை தகப்பனார் கையில். நாலு நாள் தண்ணீர் குடித்தால், ஐந்தாம் நாள் பிள்ளை தானாக மிதக்கும்!

ஆண் பிள்ளைகள் அதன் பிறகு கிணற்றைவிட்டு ஏறமாட்டார்கள். பெண் பிள்ளை கொஞ்சம் வளர்ந்துவிட்டால், நீந்தியது போதும் என்று வீட்டுக்கு அழைத்துக்கொள்வார்கள். இந்தியா முழுவதும் இதுவே நெடுங்கால வழக்கம்.

அந்த வழக்கத்தை மீறி, ஆற்றில் தொடங்கிக் கடல் வரை போனார் ஒரு பெண். ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண் அவர்தான். அவர் பெயர் ஆரத்தி சாகா.

தாயை இழந்த பிள்ளை

ஆரத்தி, 1940-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி கல்கத்தாவில் பிறந்தாள். தகப்பனார் பெயர் பஞ்சு கோபால் சாகா. ராணுவத்தில் சாதாரண வேலை. நடுத்தரக் குடும்பம்.

ஆரத்திக்கு இரண்டரை வயது இருக்கும்போதே தாயார் இறந்துபோனார். அண்ணனும் தங்கை பாரதியும் மாமா வீட்டில் வளர்ந்தார்கள். ஆரத்தியைப் பாட்டி வளர்த்தார்.

நாலு வயதில், ஹூக்ளி ஆற்றின் படித்துறைக்குக் குளிக்கப் போகும்போது ஆரத்தியும் கூடவே போவாள். அங்கேதான் நீச்சல் பழகினாள். தண்ணீரைக் கண்டால் குழந்தைக்குப் பயமே இல்லை. தகப்பனார் இதைக் கவனித்தார். உடனே மகளை ஹட்கோலா நீச்சல் சங்கத்தில் சேர்த்துவிட்டார்.

1946-ம் ஆண்டு ஒரு போட்டி. தூரம் 110 கெஜம். அதில் ஆரத்தி தங்கப்பதக்கம் வாங்கினாள். அப்போது அவளுக்கு வயது ஐந்து!

அவளுடைய திறமையைக் கண்டு பயிற்சி கொடுத்தவர், புகழ்பெற்ற நீச்சல் வீரர் சச்சின் நாக்.

ஒலிம்பிக்கில் 11 வயதுச் சிறுமி

அதன் பிறகு பரிசுகள் வந்து குவிந்தன. 1951 வரை மாநிலப் போட்டிகளில் மட்டும் 22 வெற்றிகள்.

1951-ல் 100 மீட்டர் தவளை நீச்சலை 1 நிமிடம் 37.6 விநாடியில் நீந்தினாள். அதற்கு முன்பு அகில இந்திய சாதனை, பம்பாயைச் சேர்ந்த டாலி நசீரிடம் இருந்தது. சிறுமி ஆரத்தி அதை முறியடித்துவிட்டாள்.

அடுத்த ஆண்டு, பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் ஒலிம்பிக் பந்தயம். இந்தியாவில் இருந்து நாலு பெண்கள் போனார்கள். டாலி நசீரும் ஆரத்தியும் நீச்சலுக்கு. நீலிமா கோஷும் மேரி டிசோசாவும் ஓட்டத்துக்கு.

நாலு பேரிலும் இளையவள் ஆரத்தி. வயது 11 தான்.

200 மீட்டர் தவளை நீச்சலில் 3 நிமிடம் 40.8 விநாடியில் கரை தொட்டாள். முதல் சுற்றோடு வெளியேற நேர்ந்தது. ஆனால், உலகத்து வீராங்கனைகளுடன் சரிசமமாக நின்று நீந்திவிட்டாள்.

தங்கையிடம் தோல்வி

ஊர் திரும்பிய பிறகு ஒரு சோதனை. 100 மீட்டர் போட்டி ஒன்றில் ஆரத்தி தோற்றுப்போனாள். வென்றது யார் தெரியுமா? சொந்தத் தங்கை பாரதி!

ஆரத்தி அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. தனக்கு நன்றாக வரும் தவளை நீச்சலில் மட்டும் கவனம் செலுத்தத் தொடங்கினாள். தோல்வியில் இருந்து பாடம் படிக்கும் இந்தக் குணம், பின்னாளில் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது.

கால்வாய் அல்ல, கடல்!

ஆங்கிலக் கால்வாய் என்றதும், வயலுக்குத் தண்ணீர் பாயும் வாய்க்கால் என்று நினைத்துவிடக்கூடாது. அது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கிடக்கும் கடல்.

மிகக் குறுகலான இடத்திலேயே அகலம் 21 மைல். மேட்டூர் அணையின் நீளம் ஏறக்குறைய ஒரு மைல். அப்படிப்பட்ட 21 அணைகளை வரிசையாக வைத்தால் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரம்!

தண்ணீர் குளிரால் உடம்பை விறைக்க வைக்கும். சொறி மீன்கள் கொட்டும். எல்லாவற்றையும்விடக் கொடியது நீரோட்டம். ஏறக்குறைய ஆறு மணிக்கு ஒரு முறை அது திசை மாறும். நேராக நீந்துகிறவரை ஒருமுறை இந்தப் பக்கம் இழுக்கும், மறுமுறை அந்தப் பக்கம் தள்ளும்.

விதியும் கடுமையானது. வழிகாட்ட ஒரு படகு கூடவே வரும். அதில் இருந்து உணவு கொடுக்கலாம். ஆனால், நீந்துகிறவர் படகைத் தொடக்கூடாது. தொட்டால் அத்தோடு முயற்சி முடிந்தது.

1875-ம் ஆண்டு, மாத்யூ வெப் என்ற ஆங்கிலேயர் இதை முதன்முதலாக நீந்திக் கடந்தார். பெண்களில் முதல்வர், அமெரிக்காவைச் சேர்ந்த கெர்ட்ரூட் எடர்லி. ஆண்டு 1926.

1958-ம் ஆண்டு, கிழக்கு வங்காளத்தைச் சேர்ந்த பிரஜன் தாஸ் கால்வாயைக் கடந்தார். அதே ஆண்டில் இந்தியாவின் மிகிர் சென்னும் கடந்தார். ஆரத்தி பிரஜன் தாசுக்கு வாழ்த்து அனுப்பினார். உன்னாலும் முடியும் என்று அவர் ஊக்கம் கொடுத்தார். மறு ஆண்டுப் பந்தயத்துக்கு ஆரத்தியின் பெயரை அவரே சிபாரிசு செய்தார்.

பணத்துக்கு எங்கே போவது?

ஆசை இருந்தது, பலம் இருந்தது, பணம்தான் இல்லை. இங்கிலாந்துக்குப் போகவேண்டும். தங்கவேண்டும். படகு பிடிக்கவேண்டும். நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணால் முடிகிற காரியமா?

டாக்டர் அருண் குப்தா என்பவர் முன்வந்தார். நீச்சல் காட்சிகள் நடத்தி நிதி திரட்டினார். அன்பர்கள் பலர் உதவினார்கள். மேற்கு வங்காள முதல்-மந்திரி பி.சி.ராய் 11 ஆயிரம் ரூபாய் கிடைக்க ஏற்பாடு செய்தார். பிரதமர் நேருவும் இதில் அக்கறை காட்டினார்.

1959-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி, கல்கத்தா தேசபந்து பூங்காக் குளத்தில் ஆரத்தி எட்டு மணி நேரம் இடைவிடாமல் நீந்தினார். பிறகு 16 மணி நேரமும் நீந்திக் காட்டினார்.

ஜூலை 24-ந் தேதி, அருண் குப்தாவுடன் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார்.

40 நிமிடத் தாமதம்

ஆகஸ்டு 27-ந் தேதி. நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குப் பந்தயம். பிரான்சின் கிரி நே முனையில் பல நாட்டவர் 58 பேர் கூடியிருந்தார்கள். அதில் பெண்கள் ஐந்தே பேர்.

எல்லோரும் தண்ணீரில் இறங்கினார்கள். ஆரத்தி மட்டும் கரையிலேயே நின்றார். அவருடைய வழிகாட்டிப் படகு வந்துசேரவில்லை!

படகு வருவதற்கு 40 நிமிடம் தாமதமாகிவிட்டது. சாதகமான நீரோட்டத்தில் 40 நிமிடத்தை இழந்தே அவர் இறங்கினார்.

அப்படியும் அவர் சளைக்கவில்லை. காலை 11 மணிக்கு இங்கிலாந்துக் கரைக்கு 5 மைல் அருகே வந்துவிட்டார். அப்போதுதான் நீரோட்டம் எதிராகத் திரும்பியது.

கையும் காலும் ஓயாமல் அடித்தார். மாலை 4 மணி வரை போராடினார். ஐந்து மணி நேரத்தில் நகர்ந்தது இரண்டு மைல்தான். இன்னும் மூன்று மைல் பாக்கி!

வேறு வழி இல்லை. முயற்சியைக் கைவிட்டார். கரை கண்ணுக்குத் தெரியும் நிலையில் திரும்பவேண்டி வந்தது.

மீண்டும் கடலில்

எத்தனையோ பேர் கொடுத்த பணம். ஊரே காத்துக்கொண்டிருந்தது. 18 வயதுப் பெண் வெறுங்கையோடு திரும்புவதா?

ஆரத்தி ஊர் திரும்பவில்லை. இன்னொரு முறை இறங்குவது என்று உறுதி கொண்டார்.

இதற்கிடையே அருண் குப்தா நோயில் படுத்துவிட்டார். அந்நிய நாட்டில் துணையாக வந்தவரே படுக்கையில். அப்போதும் ஆரத்தி பயிற்சியை நிறுத்தவில்லை. அங்கேயே அவருக்கு 19 வயது நிறைந்தது.

செப்டம்பர் 29-ந் தேதி. தோல்வி கண்டு 33 நாட்கள்தான் ஆகியிருந்தன. அதே கிரி நே முனை. ஆரத்தி மீண்டும் கடலில் இறங்கினார்.

அலை அடித்தது. குளிர் வாட்டியது. நீரோட்டம் நேர்வழியில் விடாமல் சுற்றவைத்தது. 21 மைல் கடலுக்கு அவர் நீந்திய தூரம் 42 மைல்! சேலத்தில் இருந்து நாமக்கல்லுக்குப் போகும் தூரத்தைவிட இது அதிகம்.

16 மணி 20 நிமிடம் நீந்திய பிறகு, இங்கிலாந்தின் சேண்ட்கேட் என்ற இடத்தில் அவருடைய கால் தரையில் பட்டது. கரையேறியதும் இந்தியாவின் மூவர்ணக்கொடியை உயர்த்தினார்.

இங்கிலாந்தில் இந்தியத் தூதராக இருந்த விஜயலட்சுமி பண்டிட் முதலில் வாழ்த்தினார். மறுநாள் அகில இந்திய வானொலி இந்தச் செய்தியை நாடெங்கும் சொன்னது.

பட்டமும் தபால்தலையும்

1960-ம் ஆண்டு ஆரத்திக்குப் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. விளையாட்டுக்காக அந்தப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே.

கடல் கடக்கத் துணை நின்ற டாக்டர் அருண் குப்தாவையே மணந்துகொண்டார். ஒரு பெண் குழந்தை பிறந்தது. ரெயில்வேயில் வேலை பார்த்தார்.

1994-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மஞ்சள் காமாலை கண்டது. 23-ந் தேதி காலமானார். வயது 53. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1999-ல், மத்திய அரசு அவருடைய படத்துடன் தபால்தலை வெளியிட்டது.

வெற்றி பெற்றவரை வரவேற்க வாசலில் ஆரத்தி எடுப்பது நம் வழக்கம். அந்தப் பெயரையே தாங்கியவர், மூன்று மைல் தூரத்தில் தோற்றபோது துவண்டிருந்தால் வரலாறு அவரை மறந்திருக்கும். 33 நாளில் மீண்டும் கடலில் இறங்கினாரே, அந்தத் துணிவுதான் அவரைக் கரை சேர்த்தது.

கிணற்று மேட்டில் கயிறு பிடித்து நிற்கும் தகப்பன்மார்கள், மகனோடு மகளையும் தண்ணீரில் இறக்கட்டும். நீச்சல் உயிரைக் காக்கும் கலை. அதோடு, எந்தக் கிணற்றில் எந்த ஆரத்தி இருக்கிறாளோ, யார் கண்டது?